பெரியமேடா, அம்பத்தூரா?

அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது அங்குள்ள தொழிற்பேட்டையில், இரண்டு மூன்று நாள் வேலை என்று சென்னை வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. சென்ட்ரல் பக்கம் பெரியமேட்டில் லாட்ஜ் எடுப்பதா, அம்பத்தூரிலேயே தங்கிவிடுவதா?

பெரியமேட்டின் பலம், ரயிலை விட்டு இறங்கிப் பையோடு நடந்தே போய்விடலாம் என்பதுதான். காலையில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் ஆவடி பக்கம் போகும் லோக்கல் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட் பக்கத்திலேயே. ஆனால் எட்டு மணி ஷிப்டுக்குள் ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த ஓட்டம் சலித்துவிடும்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் சர்வீஸ் இன்ஜினியர்கள், பர்ச்சேஸ் ஆட்கள், ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பாத்ரூமில் பக்கெட். போர் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது. ரோட்டைப் பார்த்த அறை வேண்டவே வேண்டாம். லாரிச் சத்தம் விடிய விடியத் தூங்க விடாது. பின்பக்க அறை கேளுங்கள், கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. வெந்நீர் எந்த நேரம் வரும், செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணியா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. சாப்பாட்டுக்குக் கவலையில்லை: ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக இட்லியும் பொங்கலும் விடிந்ததுமே தயார். பத்து மணிக்கு எழுந்து போனால் பொங்கல் காலி!

வேலைக்காக வந்தால் என் ஓட்டு அம்பத்தூருக்கே. குடும்பத்தோடு வந்தால் பெரியமேடு சரி. ஞாயிறு சேர்ந்து வந்தாலும் பெரியமேடுதான். எஸ்டேட்டில் அன்று பாதிக் கடை திறக்காது.