உப்புக் காற்றில் ஒரு மடக்குக் கம்பிக் கூண்டு: நாய்க்குட்டி வளர்ப்போருக்கான மதிப்புரை

மண்டபம் பக்கத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வந்தபோது, அதற்கென இராமநாதபுரத்துக் கடையொன்றில் 36 அங்குல மடக்குக் கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கினோம். அன்றாடம் புழங்கிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். புதுக்குட்டி வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் முதல் சில வாரங்களில் இக்கூண்டு கொடுத்த காசுக்கு மேலாகவே உழைத்தது. ஆயினும் பெட்டியைப் பிரித்து அப்படியே வைத்துவிட்டால் இந்தக் கடற்கரை வீடுகளுக்கு அது ஒத்துவராது. வாங்கியவர் தம் கையால் சில வேலைகள் செய்துகொண்டால்தான் ஒத்துவரும்.

கறுப்புப் பூச்சிட்ட கம்பி, முன்னால் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு கதவுகள், அடியில் இழுத்தெடுத்துக் கழுவத்தக்க பிளாஸ்டிக் தட்டு, ஏறத்தாழ பத்து கிலோ எடை, நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலை. மடித்தால் கட்டிலுக்கடியில் அடங்கிவிடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் கூண்டுக்கு நடுவே ஒரு தடுப்பு இருந்தது. பெட்டிக்குள் அது இல்லை. கேட்டதற்கு, "அது தனியா வரும்ணே, இப்ப கைவசம் இல்ல" என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார். சில்லறைக் குறை என்று இதை விட்டுவிட முடியாது, ஏனெனில் கூண்டின் பயன் பாதிக்குமேல் அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது.

நாய்க்குட்டி தான் படுக்கும் இடத்தை இயன்றவரை நனைக்காது என்ற ஒரே இயல்பை நம்பித்தான் கூண்டுப் பழக்கம் நடக்கிறது. எழுந்து நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் போதுமான இடம் மட்டும் இருந்தால் குட்டி அடக்கிக்கொண்டு முனகிக் கூப்பிடும். இடம் தாராளமாக இருந்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு மறு மூலையைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும். அதற்காகச் சின்னக் கூண்டாக வாங்கலாம் என்றால், சிப்பிப்பாறை போன்ற நெட்டைக்கால் இனம் சில வாரங்களிலேயே அதை மீறி வளர்ந்துவிடும். வளர்ந்த நாய்க்கு 42 அங்குலமே சரியான அளவு; 36 அங்குலம் குட்டிப் பருவத்தைக் கடக்கும் வரை தாங்கும். ஆகவே பெரிதாக வாங்கித் தடுத்துக்கொள்வதே முறை. படகு வேலை செய்யும் ஆசாரி ஒருவர் மிச்சப் பலகையில் ஒரு துண்டை அறுத்து, ஓரங்களை இழைத்து, காற்றுக்காக நான்கு துளைகள் போட்டுத் தந்தார். அதை நைலான் வலைநூலால் கம்பியோடு கட்டினோம். முடிச்சுகள் எல்லாம் கூண்டுக்கு வெளிப்பக்கம் வருமாறு கட்ட வேண்டும். உள்ளே ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தாலும் பால்பல் குட்டி அதைக் கடித்து விழுங்கிவிடும், நூல் குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரை போய்விடும்.

வீட்டில் முதல் எதிர்ப்பு அப்பத்தாவிடமிருந்து வந்தது. "பச்சப்புள்ளையப் பிடிச்சு செயில்ல போடுறியேப்பா" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவோருக்கு அந்த ஏச்சு தகும். முதல் சில நாட்கள் கதவைத் திறந்தே கட்டிவைத்து, சோற்றுக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்தோம். தானாக உள்ளே போய்த் தின்று, தானாக அங்கேயே உறங்கத் தொடங்கிய பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. அதுவும் முதலில் தின்று முடிக்கும் நேரம் மட்டுமே. இரவில் கூண்டு எங்கள் கட்டிலை ஒட்டியே இருந்தது. தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டுவந்த குட்டி தனியறையில் இரவு முழுதும் ஊளையிடும். மனித மூச்சுச் சத்தமும், கம்பி வழியே நீட்டிய ஒரு விரலும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. தாய் படுத்திருந்த சாக்கின் ஒரு துண்டைக் குட்டியோடு கேட்டு வாங்கி வந்திருந்தோம், அதுவும் உதவியது. தண்டனையாக ஒருமுறைகூட இதற்குள் அடைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தோம்.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. இரவிலும் ஓரிரு முறை தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். இந்த உழைப்பைக் கூண்டு குறைப்பதில்லை, எப்போது தூக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தருகிறது. வேலைக்குப் போகும்போது காலையில் பூட்டிவிட்டு மாலையில் திறக்கலாம் என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து திரும்பி வந்துவிடலாம். விசைப்படகில் போகும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்களும் கரையில் இருப்பார்கள் என்பதால், குட்டியைக் கொண்டுவர அதைவிடத் தோதான காலம் ஆண்டில் வேறில்லை, வெயில் ஒன்றைத் தவிர.

அந்த வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூண்டோடு வந்த விளக்கத் தாளில், மேலே கனத்த துணியைப் போர்த்திக் குகைபோல் ஆக்குங்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். குளிர் நாட்டுக்கு எழுதிய யோசனை இது. நாய் நம்மைப்போல் வியர்த்துக் குளிர்வதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் நிறைந்த எங்கள் ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை அதன் இயல்பான உடல் வெப்பம். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பனையோலைப் பாயைச் சாத்தினோம். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருந்தன. ஓலை நிழலும் தரும், இடுக்கு வழியே காற்றும் விடும். மின்சாரம் போனால் கூண்டையே திண்ணைக்கு இழுக்க வேண்டியிருந்தது, அதற்குச் சக்கரம் இல்லாதது ஒரு குறை.

அடித்தட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. சிப்பிப்பாறைக்குத் தோலடிக் கொழுப்பும் மயிரும் குறைவு என்பதால் வெறும் பிளாஸ்டிக்கில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும், கால் வழுக்கும். கடையில் விற்கும் ரெக்சின் மெத்தையைக் குட்டி ஒரே மாலையில் பிய்த்துப் போட்டது. பழைய நூல்சேலையை நான்காக மடித்துப் போட்டதுதான் நிலைத்தது. தட்டுக்கும் கீழ்க்கம்பிக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. குட்டியின் பாதம் அதில் நுழைந்துவிடும் என்பதால், அந்த ஓரத்தில் சேலையைச் சுருட்டி அடைத்தோம். கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். பட்டையின் வளையம் கம்பியில் மாட்டி மூச்சு முட்டிச் சாகும் குட்டிகள் உண்டு. இந்த எச்சரிக்கை விளக்கத் தாளில் இருக்கிறது, படிக்கவே முடியாத பொடி எழுத்தில்.

இனித் துரு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் சாயம் பூசிப் பூசியே காப்பாற்ற வேண்டியிருந்த ஊர்க்காற்று இது. நான்காயிரம் ரூபாய்க் கூண்டுக்கு அது இரங்காது. நடுக்கம்பிகளில் பூச்சு இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. துரு பிடித்ததெல்லாம் கம்பியும் கம்பியும் பற்றவைத்த புள்ளிகளிலும், மூலைக் கொக்கிகள் உரசும் இடங்களிலும், தாழ்ப்பாள் ஓடும் வளையத்திலுமே. தாழ்ப்பாளை விரலால் தள்ளினால் முதலில் வழுக்கிக்கொண்டு போனது; சில வாரங்களில் நெருநெருவென்று பழுப்புத் தூளை உதிர்க்கத் தொடங்கியது, குட்டியோ சரியாக அந்த இடத்தைத்தான் நக்கும். வாங்கும்போதே இந்தப் புள்ளிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சு மெலிந்து வெண்மையாகத் தெரியும் கூண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துரு கூடுவதற்குக் காற்று மட்டுமே காரணமில்லை. தட்டையும் கம்பியையும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பின் வெள்ளையாக ஒரு படலம் நிற்கிறது, துருவுக்கு அதுவே தீனி. கழுவுவது எந்தத் தண்ணீரில் என்றாலும் கடைசித் துடைப்பு நல்ல தண்ணீர் நனைத்த துணியால் இருக்க வேண்டும். குடம் விலை கொடுத்து வாங்கும் வீட்டிலும் அதற்கு ஒரு சொம்பு போதும். தாழ்ப்பாளுக்குத் துளி தேங்காய் எண்ணெய் விட்டால் குட்டி நக்கினாலும் தீங்கில்லை. படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் சாயம் மிச்சமிருக்கிறது என்று அதைப் பூசிவிட வேண்டாம். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க நஞ்சு கலந்து செய்யும் சாயம் அது.

எங்கள் ஊரில் குட்டிகளைக் கோழிப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைப்பது வழக்கம். விலை குறைவு, காற்றோட்டத்துக்கும் குறைவில்லை, துருவும் பிடிக்காது. ஆனால் எட்டு வாரக் குட்டி அதை முட்டித் தூக்கிக்கொண்டே முற்றம் முழுதும் நடந்துவிடும், மூங்கில் சிம்பைக் கடித்தால் ஈறு கிழியும். சங்கிலியில் கட்டுவது பிஞ்சுக் கழுத்துக்கு ஆகாது. இவ்விரண்டையும்விடக் கூண்டு மேல் என்பதை முற்றத்தில் மீன் காயவைக்கும் நாட்களில் ஐயமின்றி உணர்ந்தேன். உப்பேறிய கருவாடு குட்டியின் வயிற்றைக் கெடுக்கும் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியும் பேத்தை மீனின் நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது, நாய்க்கு மாற்று மருந்தும் கிடையாது. வலை உதறி மீன் பிரிக்கும் அந்த ஒரு மணி நேரம் குட்டி கூண்டுக்குள் எலும்பு கடித்துக்கொண்டிருந்ததே கூண்டின் விலைக்கு ஈடு.

தடுப்பூசிகள் முடியும் வரை, அதாவது ஏறத்தாழ பதினாறு வாரம் வரை, தெருமண்ணில் குட்டியை விட வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், பழகிக்கொள்ள வேண்டிய பருவம் கைநழுவிவிடும். நாங்கள் கூண்டைத் திண்ணையில் வைத்து, ரயில் சத்தம், ஐஸ் வண்டி, பாங்கோசை, கோயில் கொட்டு எல்லாவற்றையும் அது உள்ளிருந்தே கேட்கும்படி செய்தோம். மண்ணில் கால்படாமல் ஊரைக் காட்ட இது நல்ல வழி.

குட்டி வளர்ந்ததும் பலர் கூண்டைப் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள்; பழையதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பிருந்த குட்டிக்குப் பார்வோ என்ற தொற்றுக் கழிச்சல் நோய் வந்திருந்தால் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கூண்டில் ஒட்டியிருக்கும். வெயிலில் காயவைப்பதும் வழக்கமான பினாயிலும் அதற்குப் போதா. முதலில் சோப்பு நீரில் அழுக்கு நீங்கத் தேய்த்து, ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு வாடை போகும் வரை அலச வேண்டும். பிளீச்சிங் திரவமும் இரும்பை அரிக்கும் என்பதால் அலசியதும் உடனே துடைத்து, பற்றவைத்த புள்ளிகளில் எண்ணெய் தடவிவிடுங்கள்.