வடசென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு: வாகைக்குளத்தில் இறங்கலாமா, மதுரையிலா?

மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் மதுரை சுமார் 420 கி.மீ., தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் சுமார் 530 கி.மீ. இந்த 110 கி.மீ.யைப் பார்த்து டிக்கெட் போட்டால் கணக்கு தப்பும்.

பறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில் விமான வகைக்கும் பங்குண்டு. விசிறி வைத்த ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ. போகும், ஏர்பஸ் 800-ஐத் தாண்டும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறுவதும், இறங்குவதும் இரண்டுக்கும் பொது. அதனால் மதுரைக்கு ஏர்பஸ் ஒன்றேகால் மணி என்றால், வாகைக்குளத்துக்கு ஏடிஆர் ஒன்றரை மணி. வித்தியாசம் கால் மணிதான். வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. இனி பெரிய விமானமும் இறங்கலாம்.

ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது. டிராலிப் பெட்டியைப் படிக்கட்டு அருகிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவது வழக்கம். மருந்து, நகை, சார்ஜர் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

உண்மையான வித்தியாசம் தரையில்தான். வாகைக்குளத்திலிருந்து திருநெல்வேலி சுமார் 35 கி.மீ., டாக்சியில் முக்கால் மணி. மதுரையிலிருந்து 150 கி.மீ.க்கு மேல், இரண்டரை மணி போய்விடும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி நெல்லை ஜங்ஷனில் கால் வைக்கும் வரை கூட்டினால், வாகைக்குளம் வழி ஐந்து மணிக்குள், மதுரை வழி ஆறுக்கும் மேல். திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், வாகைக்குளம்தான். சாத்தூர், சிவகாசி, விருதுநகருக்கு மதுரை. கோவில்பட்டிக்கு எதில் இறங்கினாலும் பெரிய லாபமில்லை. டிக்கெட் விலை முடிவு செய்யட்டும். டாக்சி வேண்டாம் என்பவர் கவனிக்க: நெல்லை - தூத்துக்குடி எண்ட் டு எண்ட் பேருந்து வாகைக்குளத்தில் நிற்காது, சாதா வண்டியைத்தான் பிடிக்க வேண்டும்.

மதுரைக்கு ஒரு சாதகம் உண்டு. அங்கே விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் அடுத்ததில் இடம் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாகைக்குளத்தில் இறங்க முடியாத விமானம் மதுரைக்குத் திருப்பப்படுவதும் உண்டு. அன்றைக்குக் கல்யாண முகூர்த்தம் வைத்திருந்தால் முந்தின நாளே கிளம்புங்கள்.

ரயில்? எழும்பூர் - நெல்லை வந்தே பாரத் எட்டு மணிக்குச் சற்றுக் குறைவு. இரவில் தூங்கிக்கொண்டே போக நெல்லை எக்ஸ்பிரஸும், தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. பகலில் ஒரு வேலை நேரமும் வீணாகாது. பெர்த் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே.

விமானம்தான் என்றால் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரம். முதல் வண்டி காலை 5 மணிக்குத்தான். பெட்டி போடும் கவுன்ட்டரோ ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆக, 7.30-க்கு முந்தைய விமானத்துக்கு டாக்சிதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் அதுவும் நகராது. ராயபுரம் தாண்டும்வரைக்கென்று அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.