அலையாத்தி விதை ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு: மெழுகு பூசியிருந்தால் சுரண்டிப் பாருங்கள்

உப்புநீர்த் தொட்டியில் அலையாத்தி வளர்க்கலாம் என்று விதை தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கிய ஆன்லைன் கடையில் "உயிருள்ள ரைசோபோரா" (அலையாத்தியில் ஒரு வகை) என்று போட்டு விற்றார்கள். வந்ததில் பாதிக்கு மேல் உச்சியில் மொட்டே இல்லை. ரைசோபோரா விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீளமான பச்சைக் குச்சியாகத் தொங்கும். இலை வருவது அதன் உச்சியில் கூராக இருக்கும் மொட்டிலிருந்துதான். அது ஒடிந்துவிட்டால் அந்தக் குச்சியில் வேறு மொட்டு கிடையாது. ஒடிந்த இடத்தில் மெழுகைத் தடவி, "ஈரம் காக்க" என்று ஒரு சீட்டையும் வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே காய்ந்துபோன பழுப்பு வடு.

கேட்டதற்கு, "மெதுவாத்தான் வளரும், பொறுமையா இருங்க" என்று பதில். சாமர்த்தியமே இங்கேதான். மெதுவாக வளரும் என்பது உண்மை, குச்சிக்குள் சேமித்த உணவு இருப்பதால் மொட்டு போன பிறகும் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், சிலது வேர்கூட விடும், அதை நம்பி நாமும் காத்திருப்போம், அதற்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடிந்துவிடும். முடிந்த கையோடு பேச்சு மாறியது: "உங்க தண்ணி சரியில்ல."

தண்ணீரில் கரைத்தது அவர்களே தலையில் கட்டிய "கடல் உப்பு"! ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது, கடல்நீருக்கு அது சரிதான். ஆனால் அது அடர்த்தியை மட்டுமே சொல்லும், சமையல் உப்பைக் கரைத்தாலும் அதே எண் வரும். கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமும் மெக்னீசியம் 1,300 மில்லிகிராமும் ஏறக்குறைய இருக்க வேண்டும். டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பெயருக்குத்தான் இருந்தன. மெக்னீசியம் இல்லாமல் இலையில் பச்சையம் எங்கிருந்து வரும்?

தொட்டி நீரில் மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டை அலையாத்தி மொத்தமாக உறிஞ்சிவிடும் என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். சின்னச் செடிகளால் அது ஆகாது, அந்த வேலைக்குக் கீட்டோமார்ஃபா பாசியே மேல்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அனுப்பப்போகும் அதே குச்சிகளின் இரு முனைகளையும் படமெடுத்துக் கேளுங்கள். கையில் வந்ததும் அழுத்திப் பாருங்கள், சுருக்கமில்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும். தோலை லேசாகக் கீறினால் அடியில் பச்சை தெரிய வேண்டும்.

அப்புறம், இப்போது எனக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள், உலர்ந்த அவிசீனியா (இன்னொரு அலையாத்தி வகை) விதைப் பாக்கெட்டுக்கு. அந்த விதை உலர்ந்தாலே செத்துவிடும்.