குரலா, தாளா, விரலா, கயிறா? மனவடு சிகிச்சைகள் ஓர் ஒப்பீடு

விபத்திலோ வெள்ளத்திலோ தப்பி வந்தவரிடம் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத, மறந்துடு." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பி.டி.எஸ்.டி. எனப்படும் மனவடுவுக்கு ஆதாரத்தோடு நிற்கிற பேச்சு சிகிச்சைகள் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் போகின்றன. உட்கார், நினை, சொல் என்கின்றன. எப்படிச் சொல்ல வைக்கிறார்கள் என்பதில்தான் அவற்றுக்குள் போட்டி.

"மறந்துடு" கட்சியிலும் பாதி நியாயம் உண்டு. சம்பவம் நடந்த சில நாட்களிலேயே ஒருவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1997இல் பிரிட்டனில் தீக்காயப்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பி.டி.எஸ்.டி.; சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலானோருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நினைவு புகுந்து படுத்துவது, தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் கறுத்துப்போவது, எந்நேரமும் உஷாராக இருப்பது ஆகிய நான்கும் விடாமல் நின்றால்தான் சிகிச்சை பற்றிய பேச்சே.

ஒப்பிட வசதியாக ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். தங்கையைப் பைக்கில் பின்னால் வைத்துப் போனவர். லாரி மோதித் தங்கை இறந்துவிட்டாள், இவர் பிழைத்தார். இரண்டு வருடமாகப் பைக்கைத் தொடவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் வியர்க்கிறது. ஒரே அறை வீடு, கூட அம்மா மட்டும்.

முதலில் குரல். புரோலாங்டு எக்ஸ்போஷர் என்ற இந்த முறையை உருவாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா. பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும்: "சிக்னல் தாண்டுறேன். அவ என் தோளைப் பிடிச்சிருக்கா. ஹாரன் கேக்குது." முடிந்ததும் திரும்ப ஆரம்பத்திலிருந்து. இடையிடையே பதற்றம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள். சொல்வதையெல்லாம் பதிவு செய்து, அதை வீட்டில் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். கூடவே தவிர்க்கிற விஷயங்களைப் படிப்படியாக நெருங்கும் வீட்டுப்பாடமும் உண்டு. நினைவு நினைவுதான், இப்போது லாரி வரவில்லை என்று உடம்பு கற்றுக்கொள்வதுதான் இதன் அடிப்படை.

காகிதத்தில் அருமையாக இருக்கிறது. ஆனால் நம் ஆளின் வீட்டை யோசியுங்கள். அந்த ஒரே அறையில் இயர்போன் மாட்டிக்கொண்டு தினமும் அழுகிற மகனை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். அதே விபத்தில் மகளை இழந்தவர் அவர். சிகிச்சைக் கையேடுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அறை இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன!

அடுத்தது தாள். காக்னிட்டிவ் புராசஸிங் தெரபி, பட்ரிசியா ரெசிக் உருவாக்கியது, வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வு. (சுருக்கினால் இதுவும் சி.பி.டி., ஏற்கெனவே எல்லோரும் கேள்விப்பட்ட காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபியும் சி.பி.டி. தமிழில் எழுதினால் இந்தத் தலைவலி வேறு.) இங்கே முதல் வீட்டுப்பாடம் சம்பவக் கதை இல்லை. இது ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள், இதற்கப்புறம் உங்களையும் மற்றவர்களையும் உலகத்தையும் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். அதில் சிக்கி நிற்கும் வரியைத் தேடுவார்கள். நம் ஆளிடம் அது இப்படி இருக்கும்: "நான் பஸ்ஸுல போன்னு சொல்லியிருந்தா அவ உயிரோட இருந்திருப்பா." அன்று காலையில் உங்களுக்கு என்னென்ன தெரியும்? லாரி வரும் என்பது தெரியுமா? இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய ஆளுக்குத் தண்டனை கொடுப்பது நியாயமா? இப்படித் தாள் தாளாகப் போகும். 2008இல் ரெசிக் குழு, சம்பவத்தை விலாவாரியாக எழுதும் பகுதியையே எடுத்துவிட்டுப் பார்த்தது. அப்படியும் பலன் குறையவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது ஆகாது என்று நினைக்கத் தோன்றும். காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, பலருக்குப் படிப்பே இல்லாத நிலையில், தாள்களை எளிதாக்கி, மனப்பாடம் செய்ய வைத்து, குழுவாக நடத்தினார்கள். தனித்தனியாக ஆதரவுப் பேச்சு மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

குரலும் தாளும் நேருக்கு நேர் மோதிய பெரிய ஆய்வு 2022இல் வந்தது. 916 பேர், எல்லோரும் அமெரிக்க முன்னாள் படையினர். குரலுக்குக் கொஞ்சம் முன்னிலை கிடைத்தது. ஆனால் சிகிச்சை அறையில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. என் கண் போனது இன்னொரு எண்ணுக்கு. குரலில் 55.8 சதவீதம் பேர், தாளில் 46.6 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். பாதிப் பேர் ஓடிவிடும் இடத்தில், எது ஒரு புள்ளி மேல் என்று சண்டை போடுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. எதைச் செய்தால் இவர் அடுத்த வாரம் திரும்பி வருவார்? நான் அதைத்தான் கேட்பேன்.

விரல் பற்றி அதிகம் நீட்டவில்லை. இ.எம்.டி.ஆர். முறை 1987இல் பூங்காவில் நடந்தபோது தோன்றியதாக அதன் நிறுவனர் ஃபிரான்சின் ஷாபிரோ சொன்னார். நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். வேலை செய்கிறது, 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. கண் அசைவால்தான் செய்கிறதா என்பதில் இன்னும் தகராறு ஓடுகிறது. அதிகம் பேசப் பிடிக்காதவருக்கும், வீட்டுப்பாடம் செய்ய இடமில்லாதவருக்கும் இது தோது.

கடைசியாகக் கயிறு. நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. மற்ற முறைகளில் பெரும்பாலும் "எந்தச் சம்பவம் மிக மோசம்?" என்று கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஷெல்லடி, இடப்பெயர்வு, காணாமல்போன அண்ணன் என்று வரிசையாகப் பட்டவரிடம் அந்தக் கேள்விக்கு என்ன பதில்? இங்கே தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறார்கள், அது அவர் வாழ்க்கை. நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல். பிறந்ததிலிருந்து வரிசையாக ஒவ்வொரு கல்லிடமும் நின்று பேச வேண்டும். சிகிச்சையாளர் அதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவார், இவர் திருத்துவார். முடிவில் முழு வாழ்க்கைக் கதையும் கையெழுத்தோடு அவர் கையில்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் பார்த்த 31 பிள்ளைகளிடம் இதன் சிறுவர் வடிவத்தைத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையோடு ஒப்பிட்டார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 31 பிள்ளைகளில் இது பெரிய வித்தியாசம் இல்லை. எதுவும் செய்யாத மூன்றாவது குழு இல்லாததால், எவ்வளவு காலத்தின் கைங்கரியம் என்றும் பிரிக்க முடியாது. இருந்தாலும் தியானத்தை ஒதுக்கியவர்களுக்கு இது ஒரு நல்ல குட்டு.

மாத்திரையா? செர்ட்ராலின், பராக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டுக்கும் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி உண்டு; தூக்கமும் பசியும் போனவருக்கு மனநல மருத்துவரை முதலில் பார்க்கச் சொல்வேன். பென்சோடயசிபின் வகைத் தூக்க மாத்திரைதான் வேறு விஷயம். சம்பவத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சரி, நம் ஆளுக்கு எது? அவரைப் பிடித்திருப்பது பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி. அதனால் தாளில் ஆரம்பிப்பேன். பைக்குக்கு மட்டும் குரல் முறையின் படிகளைக் கடன் வாங்குவேன். முறைச் சுத்தம் பார்ப்பவர்கள் திட்டட்டும். முதல் படியில் வண்டியை ஓட்ட வேண்டாம். ஸ்டாண்டு போட்ட பைக்கில் சாவி போடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அப்புறம் ஒரு நாள் அம்மாவையும் கூட்டி வரச் சொல்வேன். மகனிடம் கேட்டதையே அவரிடமும் கேட்க வேண்டும்: இது ஏன் நடந்தது என்று அவர் நினைக்கிறார்? இரண்டு வருடமாக மகன் பயந்துகொண்டிருப்பது அந்தப் பதிலுக்குத்தான்.