சந்தி பார்க்கும், பொருள் பார்க்காது: ஒரு பிழைதிருத்திச் செயலி

எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக முடியாதவர்களுக்கு இந்தத் தமிழ்ப் பிழைதிருத்தி ஓரளவு நிம்மதி தரும், ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள். சந்தியை நன்றாகவே பார்க்கிறது. ‘அந்த பையன்’, ‘வீட்டை கட்டினான்’ என்று அடித்தால் உடனே சிவப்புக் கோடு போட்டு, விடுபட்ட ப், க் இரண்டையும் காட்டுகிறது. ‘படித்த பையன்’ என்பதில் ஒற்று மிகாது என்பதும் அதற்குத் தெரிகிறது. இது பெரிய விஷயம், கண்ட இடத்தில் ஒற்றைத் திணிப்பதும் பிழைதான்.

தடுமாறுவது ணகர னகரத்தில். ‘பனி நியமன ஆணை’ என்று எழுதினாலும் அப்படியே விட்டுவிடுகிறது, பனியும் அகராதியில் உள்ள சொல் என்பதால். ‘மரங்கள் விழுந்தது’ என்ற ஒருமை பன்மை மயக்கத்தையும் கண்டுகொள்வதில்லை. எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான், செய்தியிலும் அறிவிப்பிலும் தினமும் கண்ணைக் குத்துகிற பிழை, விழுந்தன என்று எழுத அப்படி என்ன சிரமம்? அப்புறம், ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ மாதிரி நீளமான சொல் வந்தால் விகுதிகளைப் பிரிக்கத் தெரியாமல் சரியான சொல்லையே தப்பு என்கிறது.

சரி, சந்திக்காக வைத்துக்கொள்ளலாம், ஐந்துக்கு மூன்று. மற்றதையெல்லாம் நீங்களே ஒருமுறை நிதானமாக வாசித்துத்தான் திருத்த வேண்டும்.