பைப்பரசின் புழு மருந்து: கொட்டில் வாத்துக்குச் சரி, வயல் வாத்துக்குப் போதாது

வாத்துக்குப் புழு மருந்து வேண்டும் என்று கால்நடை மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது பைப்பரசின் திரவம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர் பக்கம் முட்டைக்காகக் கொஞ்சம் வாத்து வளர்க்கிறோம், இதைப் பல தடவை கொடுத்திருக்கிறோம்.

விலை குறைவு, தண்ணீரில் சட்டென்று கலந்துவிடும், வாத்துக்குப் பெரிய தொந்தரவும் கிடையாது. இது உருண்டைப்புழுவை மயக்கிவிடும், அப்புறம் குடலே அதை வெளியே தள்ளும், எச்சத்தில் வெள்ளை நூல் மாதிரி நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வளர்ந்த புழுதான் இதற்கு மாட்டும், குஞ்சுப்புழு தப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதில்தான் சிக்கல். பாட்டிலில் போட்டிருப்பது கோழிக்கான முறை. வாத்து தலையை முக்கும், தண்ணீரை வாரி முதுகில் விட்டுக்கொள்ளும், பாதி மருந்து மண்ணுக்குப் போய்விடும். ராத்திரி தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, விடிந்ததும் தலை மட்டும் நுழைகிற பாத்திரத்தில் கொஞ்சமாகக் கலந்து வைத்து, அது தீர்ந்த பிறகே குளத்துக்கு விடுங்கள். எடைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லாப் புழுவுக்கும் இது ஒன்றே போதும் என்று சிலர் சொல்லி விற்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்து நத்தையையும் தண்ணீரில் கிடக்கும் சின்னச் சின்ன உயிர்களையும்தானே தின்கிறது, தட்டைப்புழுவும் நாடாப்புழுவும் அந்த வழியாகத்தான் வயிற்றுக்குள் போகின்றன, இரண்டுக்கும் பைப்பரசின் கேட்காது. அதிலும் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த அளவுக்குப் பறவைகள் வரும் இடம், வலசை வாத்து போடும் எச்சத்தில் இருக்கிற புழு முட்டையும் நம் குளத்து நத்தைக்குத்தான் போகும். ஆக மருந்து கொடுத்த பிறகும் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு, முட்டை குறைந்துகொண்டே போனால் இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். அன்றைக்குப் போட்ட எச்சத்தைக் காயவிடாமல் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். வயலுக்குப் போகிற வாத்து என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்க வைத்துப் பார்த்தால் தெரியாமல் போகலாம், அடியில் படிய வைத்துப் பார்க்க வேண்டும். இருப்பது உறுதியானால் பிராசிகுவாண்டல் மாதிரி வேறு மருந்தை டாக்டர் எழுதித் தருவார்.

குஞ்சுகள் சோர்ந்து உட்கார்ந்து ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அது புழுவே இல்லை, இந்த மருந்து ஒன்றும் செய்யாது, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கொட்டிலிலேயே தீவனம் தின்று வளரும் வாத்துக்கென்றால் இந்த மருந்துக்கு 5க்கு 4 மதிப்பெண் கொடுப்பேன், வயல் வாத்துக்கு 2தான். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று லேபிளில் தமிழில் போடாததற்கு ஒரு மதிப்பெண்ணைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு.