பதிவுக் குரலா, கணினிக் குரலா?

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். "இப்பதான் கம்ப்யூட்டரே படிக்குதே, நீங்க எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். 2006இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொடங்கியது. அதோடு வரும் ஈஸ்பீக் என்ற கணினித் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலிருக்கும். ஆனால் பழகிய காதுகள், நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அதை ஓடவிட்டுப் படிக்கின்றன. என் பதிவை அப்படி ஓட்டினால் குழைந்துவிடும். ஒரு சொல்லில் நிறுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கவும் என்விடிஏவில் முடியும், பதிவில் முடியாது.

பிறகு ஏன் பதிவு? முதல் காரணம் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பாடக்குறிப்பு ஒன்றைத் திறந்தோம். கண்ணுக்கு அது 'தமிழ்'. என்விடிஏ வாசித்தது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். தமிழைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றாதவரை எவ்வளவு நல்ல குரல் இருந்தும் பயனில்லை. வெறும் படமாக ஸ்கேன் செய்த நகல் இன்னும் மோசம், வாசிக்க எழுத்தே இருக்காது.

உச்சரிப்பு அடுத்த தலைவலி. சில குரல்களில் மகாத்மாவின் பெயரே 'காந்தல்' என்பதில் வரும் 'கா'வோடு ஒலிக்கும். வெண்பாவைச் செய்தி அறிக்கை போல வாசித்துவிட்டுப் போகும். எதுகை காதில் விழாது. செய்யுளுக்கு என் ஓட்டு மனிதக் குரலுக்குத்தான்.

பதிவென்றாலும் மூன்று மணி நேர எம்பி3 ஒன்றைக் கையில் கொடுப்பது உதவியே அல்ல. ஐந்தாம் பாடம் எங்கே என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும். பார்வையற்றோருக்கான டெய்சி என்ற மின்னூல் வடிவில் தலைப்பு, பக்கம் வாரியாகத் தாவலாம். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் டெய்சி நூல்கள் கிடைக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இருப்பதால், மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படி மாற்றித் தருவது பதிப்புரிமை மீறல் ஆகாது.

பொருளாதாரம், வரலாறு போன்ற உரைநடைப் பாடங்களுக்கு யூனிகோடு கோப்பு கிடைத்தால் நான் மைக்கையே தொடுவதில்லை. ஒரு தம்பி மட்டும் விடவில்லை: "அண்ணா, 'படத்தைப் பார்க்கவும்'னு அது தாண்டிப் போயிடுது. அந்த வரைபடத்துல என்ன இருக்குன்னு மட்டும் பேசி அனுப்புங்க." தேவை, அளிப்பு வளைகோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்லால் விளக்க எனக்கு நாலு முறை பதிவு தேவைப்பட்டது.